அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்குகிறவர் யார்?

ஆடி மாதத்தில் அந்தியூருக்குக் குதிரை வாங்க வருகிறவர்களைவிடக் குதிரை பார்க்க வருகிறவர்கள் பல மடங்கு அதிகம். வியாபாரிகளுக்கு இது குறையாகப் படலாம். கூட்டம் சேர்ந்த அளவுக்குப் பணம் கைமாறுவதில்லையே என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டில் அன்றாட வேலைக்குக் குதிரை தேவைப்படாமல் போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆன பிறகும் இந்தச் சந்தை கூடுகிறது என்றால், வேடிக்கை பார்க்க வருகிற அந்தக் கூட்டம்தான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். இந்தச் சந்தையின் வரலாறே வாங்குகிறவர் மாறிக்கொண்டே வந்த வரலாறு. கடைசியாக வந்து சேர்ந்திருக்கும் வாடிக்கையாளர்தான் வேடிக்கை பார்ப்பவர்.

அந்தியூர் ஈரோடு மாவட்டத்தின் வடக்கே, பர்கூர் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பவானியிலிருந்து வருகிற சாலை இந்த ஊரைக் கடந்து மலையேறி, கர்நாடகத்தின் கொள்ளேகாலுக்குப் போகிறது. ஊரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில். பெருமாள், குருநாதசாமி, காமாட்சியம்மன் ஆகிய மூவருக்கும் இங்கே வழிபாடு. பூச்சாட்டு, கொடியேற்றம், வனபூசை என்று படிப்படியாக நடந்து, ஆடியில் ஒரு புதன்கிழமை சாமிகள் மகமேருத் தேர்களிலும் பல்லக்கிலுமாக வனக்கோயிலுக்குப் புறப்படுகின்றன. அன்று தொடங்கிச் சனிக்கிழமை வரை நான்கு நாள் பெருந்திருவிழா. அந்த நான்கு நாளும் சந்தை. நாள் குறிப்பது கோயில். வியாபாரிகளுக்கோ கால்நடைத் துறைக்கோ அதில் வேலை இல்லை. சந்தை இத்தனை காலம் தாக்குப்பிடித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கொரோனாவால் 2020லும் 2021லும் நின்றுபோன சந்தை, 2022 ஆகஸ்டில் திருவிழா திரும்பியதும் தானாகவே திரும்பிவிட்டது. யாரும் அதைப் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை.

சந்தை என்று ஒருமையில் சொன்னாலும் உண்மையில் இரண்டு. மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளைகள், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மலை மாடுகள், கறவைப் பசுக்கள், பார்வைக்கென்றே கொண்டுவரப்படும் குட்டை ரக மாடுகள், ஆடுகள். குதிரைச் சந்தையில் மார்வாரி, கத்தியவார், வெள்ளை மயிருக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும் நொக்ரா, அப்புறம் சின்ன உருவத்து மட்டக் குதிரைகள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகம், ஆந்திரம், கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மார்வாரியையும் கத்தியவாரையும் தூரத்திலிருந்தே காதை வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டு காதும் உட்புறமாக வளைந்து, விறைத்து நிற்கும்போது நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும். மார்வாரி ஜோத்பூர்ப் பக்கத்துக் குதிரை; கத்தியவாரின் பூர்வீகம் குஜராத்தின் சௌராஷ்டிரம். ஆக, அந்தியூரில் விலைபோகிற நல்ல குதிரை எதுவும் அந்தியூர்க் குதிரை அல்ல. இது இன்றைக்கு நேர்ந்ததும் அல்ல. அதற்குப் பின்னால் வருகிறேன்.

விவரம் தெரிந்தவர் குதிரையிடம் வந்ததும் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார். கீழ்த்தாடையின் முன்பற்களில் நடுவில் உள்ள இரண்டு பால் பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு பல்லின் மேற்பரப்பில் உள்ள குழி தேய்வதை வைத்துத்தான் வயதைக் கணிக்க வேண்டும். பத்து வயதையொட்டி மேல்வரிசை ஓரப் பல்லின் ஈறோரத்தில் ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும். அதைப் பார்த்துவிட்டவரிடம் ஆறு வயது என்று சாதிக்க முடியாது. பிறகு குளம்பைத் தூக்கிப் பார்ப்பது, லாடத்தைத் தட்டிப் பார்ப்பது, கயிற்றில் பிடித்து நடக்க விட்டு எந்தக் காலைத் தாங்குகிறது என்று கவனிப்பது. மருத்துவரும் இதே வரிசையில்தான் பார்ப்பார்.

மருத்துவர் பார்க்காத ஒன்றும் உண்டு: சுழி. குதிரை வாங்குவதில் பாதிப் பேச்சு சுழியைப் பற்றியதுதான். கழுத்தின் அடிப்புறம், தொண்டையருகே விழும் சுழி தேவமணி, அது யோகம். கண்ணுக்குக் கீழே, கண்ணீர் இறங்கும் இடத்தில் சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகாது. நான்கு குளம்படியும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி. அதற்கு விலை தனி. இந்தச் சாத்திரம் வாய்வழியாக மட்டும் வந்ததல்ல. நகுலன் பெயரில் வழங்கும் வடமொழி அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்திருக்கிறது. மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அமெரிக்காவின் கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் மாடுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே அமைந்த மாடுகள் பிடித்து நிறுத்தும்போது அதிகம் மிரள்கின்றன என்று கண்டார்கள். மயிர்ச் சுழியும் நரம்பு மண்டலமும் கருவில் ஒரே காலகட்டத்தில் உருவாவதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். சுழிக்கும் சுபாவத்துக்கும் உறவு உண்டு என்ற அளவில் நம் தரகர்கள் சொல்வதில் ஏதோ இருக்கிறது. சுழிக்கும் வீட்டுக்காரரின் ஆயுளுக்கும் உறவு உண்டு என்பது விலையைக் குறைப்பதற்கான பேச்சு.

விலை பேசுவதற்கு நம் கால்நடைச் சந்தைகளில் பழைய முறை ஒன்று இருக்கிறது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவர் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, நாலைச் சேர்த்துப் பிடித்தால் வேறு. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது இரண்டு முகங்கள் மட்டுமே. பக்கத்தில் நிற்கும் இன்னொரு வியாபாரிக்கு விலை தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. இன்று குதிரையின் ஒளிப்படமும் கேட்கும் விலையும் சந்தைக்கு முன்பே கைப்பேசியில் ஊர் சுற்றி வந்துவிடுவதால், விலையைத் துண்டால் மூடி வைக்க முடிவதில்லை.

கூட்டம் கூடி நிற்பது இதற்கெல்லாம் அல்ல, நாட்டியக் குதிரைக்குத்தான். காலில் சலங்கை, நெற்றியில் குஞ்சம், முதுகில் ஜரிகை வைத்த சேணம். மேளம் தொடங்கியதும் குதிரை நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறது. அடி வேகமானால் காலும் வேகமாகிறது. முன்னங்காலை மடித்து வணங்குகிறது. பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. மார்வார், குஜராத் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் வளர்ந்த கலை இது. நம் மேளத்துக்குப் பழகிக்கொண்டுவிட்டது. நின்ற இடத்தில் போடும் அந்த நடையை ஐரோப்பியக் குதிரையேற்றப் பள்ளிகளும் பல ஆண்டுப் பயிற்சியில்தான் கொண்டுவருகின்றன. அங்கே அது வித்தை என்று மதிக்கப்படுகிறது. இங்கே நாம் செல்போனை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு காலில் நிற்க வைப்பதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. முன்னூறு, நானூறு கிலோ எடை பின்னங்கால் மூட்டுகளில் இறங்குகிறது. குதிரை ஓடவும் நடக்கவும் ஆன உடம்பு. திரும்பத் திரும்ப எழுந்து நிற்பதற்கானதல்ல. கைதட்டலுக்காக ஒரே நாளில் எத்தனை முறை அதை எழுப்புவது என்று யாராவது ஒரு வரம்பு வைத்தால் நல்லது.

இனி திப்பு. அந்தியூர்ச் சந்தையைப் பற்றி எழுதுகிற யாரும் திப்பு சுல்தானைச் சொல்லாமல் விடுவதில்லை: தம் படைக்குக் குதிரை வாங்க அவர்தான் இந்தச் சந்தையைக் கூட்டினார், அல்லது இங்கே வந்து வாங்கினார் என்பது ஊர் வழக்கு. எழுத்து ஆதாரத்தைவிட வாய்மொழிதான் இதில் வலுவாக இருக்கிறது. ஆனாலும் வழக்கு அந்தரத்தில் தொங்கவில்லை. திப்பு ஆண்ட 1782 முதல் 1799 வரை இந்தப் பகுதி மைசூர் அரசுக்கு உட்பட்டதாகவே இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகும் கோயம்புத்தூர்ச் சீமை 1799 வரை திப்புவிடமே இருந்தது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இந்த மலைவரிசையில் இருக்கின்றன. 1790 செப்டம்பரில் திப்புவின் படை கஜ்ஜலஹட்டிக் கணவாய் வழியே இறங்கி, சத்தியமங்கலத்தருகே ஆங்கிலப் படையோடு மோதியது. மைசூர்ப் படையில் சிலாதார் குதிரைப்படை என்றொரு பிரிவும் இருந்தது. சிலாதார் தன் சொந்தக் குதிரையோடு வந்து வேலைக்குச் சேர்வான். போரில் குதிரை செத்தால் நட்டம் அவனுடையது. அடுத்ததை அவனே வாங்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களுக்கு அரசுக் கொட்டடியைவிடச் சந்தை அவசியம். திப்பு நேரில் வந்தாரா என்பது முக்கியமில்லை. குதிரை இழந்த சிலாதார்கள் இந்த மலையடிவாரச் சந்தைகளைத் தேடியிருப்பார்கள் என்பது நம்பத்தக்க ஊகம்.

பழைய சந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா வாடிக்கையாளராக வேண்டியிருக்கிறது. பீகாரின் சோன்பூர்ச் சந்தையில் சந்திரகுப்த மௌரியர் யானை வாங்கினார் என்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே ஆப்பிள்பி என்ற ஊரில் ஆண்டுதோறும் ஜூனில் ஒரு குதிரைச் சந்தை கூடுகிறது. ஜிப்சிகளும் நாடோடிக் குடும்பங்களும் நாடெங்கும் இருந்து வந்து, ஈடன் ஆற்றில் குதிரைகளைக் குளிப்பாட்டி, தெருவில் ஓடவிட்டுக் காட்டி விற்பார்கள். அதற்கு 1685இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆராய்ந்தவர்கள் அந்தப் பட்டயம் நடைமுறைக்கு வருமுன்பே ரத்தானது என்றும், இப்போது நடக்கும் சந்தை 1775 வாக்கில் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் மாட்டு வியாபாரிகள் தாமாகக் கூடியதிலிருந்து வந்தது என்றும் காட்டினார்கள். சந்தை இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தியூருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். திப்புவை எடுத்துவிட்டாலும் கோயிலும் மாடும் மலைப்பாதையும் மிஞ்சும். ஒரு சந்தைக்கு அவை போதும்.

தெற்கே நல்ல குதிரை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பது திப்புவுக்கு வெகு முன்பே ஏற்பட்ட நிலை. சங்க இலக்கியத்திலேயே கடல்வழி வந்த குதிரைகள் பேசப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள், லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 தினார் என்றும், கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியர் பணம் கொடுத்தாக வேண்டியிருந்தது என்றும் குறிக்கிறார். வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடைத்திருக்காது. குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததும் நரிகள் பரிகளானதும் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதை நம்பும்படியாக இருப்பதற்குக் காரணம், அரசன் கருவூலத்தைத் திறந்து கொடுக்கிற அளவுக்குக் குதிரை விலை உயர்ந்த பொருளாக இருந்ததுதான்.

ஆங்கிலேயர் இந்த இறக்குமதிச் சுமையைக் குறைக்கப் பார்த்தார்கள். சென்னைப் படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு பண்ணை ஏற்பட்டது. அது பிறகு மாட்டுப் பண்ணையாகி இன்றும் மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. அதன் போக்கே நிறையச் சொல்கிறது: தெற்கின் தட்பவெப்பத்தில் நிலைத்தது மாடு, குதிரை அல்ல. குதிரைப்படையின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் ஈட்டிப்படையும் மைசூர் ஈட்டிப்படையும் ஹைஃபாவைப் பிடித்ததுதான் உலகின் கடைசிக் குதிரைப்படை வெற்றிகளில் ஒன்று. அதன் பிறகு படைக்குக் குதிரை வேண்டியிருக்கவில்லை, ஜட்காவுக்கு வேண்டியிருந்தது. ரயிலடியிலும் கோயில் வாசலிலும் நின்ற ஜட்கா வண்டிகள் சந்தையை இன்னும் அரை நூற்றாண்டு இழுத்தன. ஆட்டோ வந்ததும் அதுவும் போயிற்று. பழனி போன்ற சில ஊர்களில் மட்டும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாடு முழுக்க இதே இறங்குமுகம்தான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019இல் சுமார் 3.4 லட்சம். ஏழு ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி.

சென்னையைச் சுற்றி வளர்கிற ஒருவருக்குக் குதிரை என்றால் வேறு நினைவுகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கும் திருவள்ளூர்க்காரருக்கும் மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரை தெரியும், வீரராகவப் பெருமாள் பிரம்மோற்சவத்தில் வருகிற குதிரை வாகனம் தெரியும், கிண்டி தெரியும். கிண்டியில் 1777 முதல் பந்தயம். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அது சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்துசெய்த அரசு 160 ஏக்கர் நிலத்தையும் கைப்பற்றிப் பூட்டியது. ஒரு மன்றம், ஒரு குத்தகை, ஒரு மைதானம் என்று நின்ற குதிரை உலகம் அது. குத்தகை போனதும் அதன் அடித்தளமே ஆட்டம் கண்டது. அந்தியூருக்கு அப்படி ஒரு குத்தகை இல்லை. பூட்டுவதற்கு வாசலும் இல்லை.

சரி, இன்று வாங்குகிறவர் யார்? முதலில் பந்தயக்காரர்கள். கொங்கிலும் காவிரிக் கரை மாவட்டங்களிலும் கோயில் விழாவுக்கும் தலைவர்கள் பிறந்தநாளுக்கும் குதிரை வண்டி எல்லைப் பந்தயம் நடக்கிறது. புதிய குதிரை, சிறிய குதிரை, பெரிய குதிரை என்று பிரித்து நெடுஞ்சாலையிலேயே ஓட்டுவார்கள். பின்னால் பைக்கில் ஒரு பட்டாளம். இவர்கள் தேடுவது அழகை அல்ல, நெஞ்சகலத்தையும் மூச்சையும். அடுத்து, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுகிறவர்கள். இவர்களுக்கு வெள்ளைக் குதிரை வேண்டும், நொக்ராவின் விலை அதனால்தான் ஏறி நிற்கிறது. ஊட்டி, கொடைக்கானலில் சுற்றுலாச் சவாரி விடுகிறவர்கள் சாதுவான மட்டக் குதிரை கேட்பார்கள். கடைசியாக, தோட்டத்தில் ஒரு குதிரை நிற்கட்டும் என்று வாங்குகிற வசதியான விவசாயியும் ஆலை முதலாளியும். அவர்களுக்குக் குதிரையால் ஒரு வேலையும் ஆகவேண்டியதில்லை. கொள்ளும் புல்லும் லாடமும் ஆள் சம்பளமும் செலவுக் கணக்குதான். ஆனாலும் அவர்கள்தான் லட்சங்களை எண்ணி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே குதிரையை அலங்கரித்து, விற்பதற்கல்லாமல் காட்டுவதற்கென்று சந்தைக்குக் கொண்டுவருவதும் அவர்கள்தான். பார்க்கக் கூட்டம் இல்லாவிட்டால் இந்தச் செலவுக்குப் பொருளே இல்லை. நான் தொடக்கத்தில் வேடிக்கை பார்ப்பவரை வாடிக்கையாளர் என்றது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் பலவீனமான இடங்கள் உண்டு. ஒன்று நோய். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி தென்பட்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நோய் உறுதியான குதிரையைக் கொன்றுவிடத்தான் வேண்டும். பல மாநிலக் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிற இடத்தில் இது சின்ன விஷயமல்ல. ரத்தப் பரிசோதனைச் சான்றைப் பல்லைப் பார்ப்பதுபோல முதலில் கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே வேரூன்ற வேண்டும்.

இன்னொன்று மாடு. குதிரை விளம்பரத்துக்கு நின்றாலும், சந்தையைத் தாங்குவது மாட்டு வியாபாரம். பர்கூர் மலை மாடு காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்து வளர்க்கப்படுவது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் என அதைச் சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களின் காட்டில் 80,567 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பது தேவைதான். மேய்ப்பவர்களின் அச்சமும் நியாயமானதே. பட்டிகள் குறைந்தால் அந்தியூருக்கு இறங்கும் மாடு குறையும், மாடு குறைந்தால் தரகர் குறைவார், தீவனக் கடைகளும் லாரிகளும் குறையும். அந்த நிலையில் ராஜஸ்தானத்துக் குதிரையை இத்தனை தூரம் ஏற்றிவர யாருக்கும் கட்டுப்படியாகாது. சந்தையின் எதிர்காலத்தைக் கணிக்க விரும்புகிறவர் குதிரைக் கொட்டகையைவிட மலைமேல் பட்டிகளைப் பார்ப்பது நல்லது.

இப்போதைக்குச் சந்தை தன் பழைய கணக்கிலேயே ஓடுகிறது. புதனும் வியாழனும் சொல்லும் விலை காட்சிக்கு. சனிக்கிழமை ஆக ஆக, விற்காத குதிரையைத் திரும்ப ஏற்றிப்போகும் லாரி வாடகையை வியாபாரி மனதுக்குள் கூட்டத் தொடங்குவார். முதல் மூன்று நாளும் ஒரே குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து, பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு போகிறவர் யாராவது இருந்தால், அவர்தான் வாங்கப்போகிறவர்.